சுள்ளிக்கல் அனூப்

கொச்சி மட்டாஞ்சேரியில் மசாலாத் தரகு செய்கிறவனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். நாளைக்கு மழை உண்டா என்று கேட்டால் சொல்வான். மாமியார் கோபத்துக்கு மருந்து கேட்டாலும் சொல்வான். சரக்கு யாருடையது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் ஒரு ஏலக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ஒரு ஆள் இருக்கான்" என்பான். இன்னும் நெருக்கினால் ஒரு பேரும் ஊரும் சொல்வான். இரண்டும் பொய்யாக இருக்கும். விலை படிந்து கை குலுக்கிய பிறகுதான் உண்மையான பேர் வெளியே வரும். அதற்கு முன்னால் வந்துவிட்டால் வாங்குகிறவன் நேரே ஆளைப் பார்க்கப் போய்விடுவான். நடுவில் நின்றவன் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

பாண்டியராஜன் இந்தத் தொழிலில் முடி நரைத்தவர். சுக்கு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி. பேரை மறைத்து மறைத்து அது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. "மீன் இன்னைக்கு நல்லாயிருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று பெண்டாட்டி கற்பகம் கேட்டால், "ஒரு இடம் இருக்கு" என்பார். "இருக்கட்டும், அந்த இடத்துக்கே போய்ச் சாப்பிட்டுக்குங்க" என்று அவள் தட்டை இழுத்துக்கொள்வாள்.

மகள் ஸுப்ரியாவும் அப்படித்தான் பேரில்லாத சரக்காக இருந்தாள். பெங்களூரில் என்ன பண்ணுகிறாள் என்று பஜாரில் யார் கேட்டாலும் "ஹோட்டல் மேனேஜ்மெண்ட்" என்று சொல்லி வைத்திருந்தார். அவள் படித்ததும் அதுதான், அதனால் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. நல்ல பொய்யில் கொஞ்சம் அசல் சரக்கு கலந்திருக்கும். உண்மை என்னவென்றால் அவள் ஒரு பாரில் கவுண்டருக்குப் பின்னால் நின்று மது கலந்து கொடுக்கிறாள். நன்றாகவும் கொடுக்கிறாள். அவள் கைக்காக வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

பாண்டியராஜன் குடிக்காதவர் இல்லை. பிவரேஜஸ் என்கிற சர்க்கார் மதுக்கடை வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு நின்ற அனுபவம் உண்டு. தான் குடிப்பது ஒன்று, தன் பெண் ஊற்றிக் கொடுப்பது வேறொன்று. இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று அவரே ஒரு முறை தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. தேடுவதை விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை ஸுப்ரியா நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றியதும் நேரே போய் ஃப்ரீசரைத் திறந்தாள்.

"அம்மா, இந்த மீனையெல்லாம் எங்கே வைக்கலாம்?"

"வயித்துல வைக்கலாம். ஏன்டி?"

"ஐஸ் போடணும். மீன் வாடை ஏறக் கூடாது."

"ஐஸுக்கா ஊர்ல பஞ்சம்? தோப்பும்படி ஹார்பர்ல லாரி லாரியா கொட்டிக் கிடக்கு."

"அதுலயும் மீன்தான்மா படுத்திருக்கும்."

மீன் பொட்டலங்கள் பக்கத்து வீட்டு ஷபானாவின் ஃப்ரீசருக்குக் குடிபோயின. ஸுப்ரியா ஃப்ரீசரை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவினாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, மறுபடியும் கொதிக்க வைத்தாள். அதை அகலமான டிபன் டப்பாவில் ஊற்றி, டப்பாவைச் சுற்றித் துண்டைக் கட்டி உள்ளே வைத்தாள். மெதுவாக உறைந்தால்தான் ஐஸ் கண்ணாடி மாதிரி வருமாம். "பிள்ளையைக் குளிப்பாட்டித் தூங்க வைக்கிற மாதிரி வைக்கிறா" என்று கற்பகம் புருஷனிடம் சொன்னாள். அவர் செய்தித்தாளைப் புரட்டினார்.

சாயா குடிக்கும்போது ஸுப்ரியா விஷயத்துக்கு வந்தாள். அவளும் தோழி பிந்துவும் சேர்ந்து பெங்களூரில் சொந்தமாக ஒரு பார் திறக்கிறார்கள். அடுத்த மாதம் திறப்பு.

"முதல் மேசை உங்களுக்கும் அம்மாவுக்கும்தான்ப்பா. வந்துடணும்."

"பார்க்கலாம்" என்றார் பாண்டியராஜன்.

பஜாரில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். பஜார்க்காரர் மகளுக்கு அது தெரியாதா? அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நாளைக்குக் கல்யாணராமன் அங்கிள் வர்றாருல்ல?"

"ஆமா. சாம்பிள் பார்க்க."

"நான் உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு பண்ணித் தர்றேன். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னே சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் இல்லை. பிடிச்சா, அவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை: இது என் மக பண்ணினது, இதுதான் அவ வேலை. அவ்வளவுதான். வீட்டுக்கு வர்ற ஒரு மனுஷன்கிட்ட அதைச் சொல்ல முடியலைன்னா, அங்க முதல் மேசையில வந்து உட்கார்ந்து என்னப்பா பண்ணப் போறீங்க? யாராவது தெரிஞ்சவங்க வந்தா மேசைக்கு அடியில போயிடுவீங்களா?"

"அவர் போவாரு" என்றாள் கற்பகம்.

"இவ்வளவுதானே! சொல்லிட்டாப் போச்சு" என்றார் பாண்டியராஜன். அந்த நேரத்தில் அவர் மனதில் கள்ளம் இல்லை. சொல்லிவிடுவோம் என்றுதான் நினைத்தார்.

கல்யாணராமன் திருப்பூணித்துறைக்காரர். மசாலா ஏற்றுமதி. பாண்டியராஜன் கை வழியாகப் போகிற சரக்கில் பாதி அவர் பேரில்தான் கப்பலேறும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாம்பிள் பார்க்க வருவார். சாம்பிள் பார்ப்பது பெண்டாட்டி சீதாலக்ஷ்மி மாமியிடம் சொல்லிவிட்டு வருகிற காரணம். பாண்டியராஜன் வீட்டு முன்னறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இரண்டு ரவுண்டு போவது வந்த காரியம். திரும்பும்போது பாண்டியராஜனின் ஏலக்காயில் ஒரு கைப்பிடி எடுத்து மென்றுகொண்டே போவார். மாமி அதை நம்புகிறாளா என்பது மாமிக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், "இன்னைக்கு வேற ஒண்ணு சாமி, கொஞ்சம் பொறுக்கணும்" என்றார் பாண்டியராஜன்.

"நாப்பது வருஷமா ஜாதிக்காய் காயறவரைக்கும் பொறுக்கறவன் நான். ஆகட்டும்" என்றார் கல்யாணராமன்.

அடுக்களையில் ஸுப்ரியா கடை பரப்பியிருந்தாள். துபாயிலிருந்து வரும்போது பிந்து ட்யூட்டி ஃப்ரீயில் வாங்கி வந்த ரை விஸ்கி. மூலிகை போட்ட இனிப்புச் சிவப்பு ஒயின் ஒரு புட்டி. வெர்மூத் என்று பேர். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற மாதிரி ஒரு சின்னப் புட்டியில் கறுப்பாக என்னவோ. அம்மாவின் கனமான ஊறுகாய் ஜாடி, கண்ணாடி ஜாடி, மூன்று தடவை கழுவியும் கற்பகத்துக்கே சந்தேகம் தீராமல் மோந்து பார்த்துவிட்டுக் கொடுத்தது. நீளக் காம்பு வைத்த கரண்டி மட்டும் அவளுடையது.

"ரைன்னா என்னடி?"

"ஒரு தானியம்மா. குளிர் தேசத்துல விளையறது. கம்பு மாதிரின்னு வச்சுக்கோ."

"அப்போ கம்பங்கூழ்னு சொல்லு. எனக்கும் ஒரு செம்பு ஊத்து."

ஐஸை டப்பாவிலிருந்து கவிழ்த்தாள். பின்பக்கம் வைத்த கை ரேகை தெரிகிற மாதிரி இருந்தது. கத்தியின் முதுகால் தட்டி உடைத்து ஜாடியில் போட்டாள். விஸ்கி இரண்டு பங்கு, வெர்மூத் ஒரு பங்கு, சின்னப் புட்டியிலிருந்து சில சொட்டு. கரண்டியை உள்ளே விட்டாள்.

கற்பகம் கொஞ்ச நேரம் பார்த்தாள். "என்னடி இது, சினிமாவுல தோளுக்கு மேல வச்சுக் குலுக்குவாங்களே, அந்தக் கூத்தைக் காணோம்?"

"எலுமிச்சம்பழம், முட்டை எல்லாம் போட்டா குலுக்கணும்மா. இது வெறும் விஸ்கியும் ஒயினும்தான். குலுக்கினா கலங்கி நுரை தட்டிடும். கலக்கினா தெளிவா நிக்கும்."

"கரண்டிச் சத்தமே கேக்கலையே."

"கேக்கக் கூடாது. கேட்டா கை சரியில்லைன்னு அர்த்தம்."

கரண்டியின் முதுகு ஜாடியின் சுவரை ஒட்டியபடியே சுற்றிச் சுற்றி வந்தது. ஐஸ் முழுவதும் ஒரே துண்டாகத் திரும்புகிற மாதிரி இருந்தது. முன்னறையில் பாண்டியராஜன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை. மகள் உள்ளே ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்கிறாளோ என்றுகூட நினைத்தார்.

ஜாடியின் வெளிப்பக்கம் பனி படிந்ததும் ஸுப்ரியா நிறுத்தினாள். அதற்கான கிண்ணம் வீட்டில் இல்லை. துணிக்கடையில் இலவசமாகக் கொடுத்த பாயசக் கண்ணாடிக் கிண்ணங்கள்தான். இரண்டையும் குளிர வைத்திருந்தாள். வடிகட்டி ஊற்றினாள். பழைய செம்பு நிறம். ஆரஞ்சுத் தோலை மேலே பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள். எண்ணெய் மேலே பரவியது. செர்ரிக்குப் பதில், சர்க்கரைப் பாகில் ஊறிய ஜாதிக்காய்த் தோடு, காயின் வெளிச்சதை, ஒரு துண்டு. "பேக்கரி செர்ரி போட்டா சிவப்புச் சாயம் குடிக்கிற மாதிரி இருக்கும். இது நம்ம ஊர்ச் செர்ரி" என்றாள்.

அவள் கை நனைந்திருந்ததால் தட்டைக் கற்பகம்தான் கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டுப் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு 'சொல்லிடுங்க' என்று அர்த்தம்.

கல்யாணராமன் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். மூடியபடியே இன்னொரு வாய்.

"மன்ஹாட்டன்" என்றார். "இந்தக் கலவைக்கு அதுதான் பேர். சிக்காகோவுல பையன் அழைச்சுண்டு போய் வாங்கிக் குடுத்தான். அது இவ்வளவு நன்னா இல்லை."

பாண்டியராஜனும் குடித்தார். முதலில் சூடு, பிறகு இனிப்பு, அப்புறம் தொண்டைக்குப் பின்னால் ஒரு கசப்பு எழுந்து மூக்குக்கு ஏறியது. அந்தக் கசப்பு அவருக்குத் தெரிந்த ஆள். ஜாதிபத்திரி. அதுவும் கண்ட ஜாதிபத்திரி இல்லை. போன ஓணத்துக்குக் கோதமங்கலம் பக்கமிருந்து வந்ததே, நிழலில் காய வைத்த சிவப்பு, சாம்பிள் தட்டில் வைத்தால் மூடி வைத்தாலும் அறை மணக்குமே, அது. அதோடு அவருடைய ஏலம். அவருடைய சுக்கு. நாக்கு ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லிக்கொண்டே வந்தது. நெஞ்சில் என்னவோ பொங்கி வந்தது. இவ்வளவு சந்தோஷம் வந்த இடத்தில்தான் மனிதர் சறுக்கினார்.

"பாண்டியராஜா" என்று கல்யாணராமன் குரலைத் தாழ்த்தினார். "இது வீட்டுக் கை இல்லை. யாரோடது?"

யாரோடது. பஜாரில் ஆயிரம் தடவை கேட்ட அதே கேள்வி, அதே மனிதர் வாயில், அதே தாழ்ந்த குரலில். பாண்டியராஜனின் நாக்கு அவரைக் கேட்டுக்கொண்டு புரளவில்லை.

"ஒரு ஆள் இருக்கான்" என்றார்.

"யாரு?"

"சுள்ளிக்கல்ல. அனூப்னு ஒருத்தன். ஹோட்டல்ல இருந்தவன். கலந்து புட்டியில குடுத்துட்டுப் போனான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. தலையைத் தூக்கினார். ஜாதிக்காய்த் தோடு வைத்த தட்டோடு ஸுப்ரியா வாசற்படியில் நின்றிருந்தாள்.

"வாம்மா, வா. சௌக்கியமா?" என்றார் கல்யாணராமன். "பெங்களூர்லதானே இருக்கே? என்ன பண்ணறே?"

ஸுப்ரியா அப்பாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தராசில் சரக்கை வைத்துவிட்டு முள் நிற்கட்டும் என்று காத்திருப்பவளைப் போலப் பார்த்தாள். இப்போது சொன்னால் போதும். வேடிக்கைக்குச் சொன்னேன் சாமி, அனூப்பாவது கினூப்பாவது என்று சிரித்துவிட்டால் முடிந்தது. பாண்டியராஜனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஒரு பொய்யை அதே நிமிஷத்தில் அவிழ்த்தால் பெரிய மனிதர் முன்னால் பொய்யன் ஆகிவிடுவோமே என்பதும் தெரிந்தது.

"மேனேஜ்மெண்ட்" என்றார்.

"ஆமா அங்கிள்" என்றாள் ஸுப்ரியா. "மேனேஜ் பண்ணிட்டிருக்கேன்." தட்டை மேசைமேல் வைத்தாள். ஆனால் போகவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கல்யாணராமன் இன்னொரு வாய் குடித்தார். "அடுத்த வாரம் ஜெர்மன்காரா ரெண்டு பேர் வரா. ஃபோர்ட் கொச்சியில விருந்து வெச்சிருக்கேன். இந்த அனூப்பை வரச் சொல்லேன். என்ன கேப்பான்?"

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆள் ஊரில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் விலை என்ன என்று ஒருவர் கேட்டுவிட்டால் பாண்டியராஜனால் சும்மா இருக்க முடியாது.

"கொஞ்சம் கூடத்தான் கேப்பான் சாமி. கை அப்படி."

"என்ன பெரிய கை? இனிப்பு தூக்கலா இருக்கு."

வாங்குகிறவர் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்றால் வியாபாரம் சூடாகிறது என்று அர்த்தம். பாண்டியராஜன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இனிப்பு லேசாத்தான் சாமி. சொன்னா குறைப்பான்."

"தண்ணி விட்டது போறாது. இன்னும் கொஞ்சம் கலக்கியிருக்கணும். அவசரக் கை."

"அது... ஆளு கொஞ்சம் அலட்சியந்தான்."

"முறையாக் கத்துண்டவனாத் தெரியலையே."

"எங்க சாமி! கத்துக்குட்டிதான். அங்கயும் இங்கயும் பார்த்துப் பழகினது. அதனாலதான் சொல்றேன், நான் பேசினா குறைச்சுக் குடுப்பான்."

அடுக்களையில் பாத்திரம் ஒன்று 'டங்' என்று விழுந்தது. தவறி விழுந்த சத்தம் இல்லை. பின்னாலேயே கற்பகத்தின் குரல் வந்தது: "அந்த அனூப் போயிட்டானா, இன்னும் இங்கதான் இருக்கானா? இருந்தா சாயா வேணுமான்னு கேளுங்க!"

கல்யாணராமன் இருமினார். பாண்டியராஜனுக்குக் காதுமடல் கொதித்தது. மகள் பக்கம் திரும்பாமலே அவள் அங்கே நிற்பது தெரிந்தது. அவள் விலை அவள் எதிரிலேயே இறங்கிக்கொண்டு வந்ததை அவள் முழுக்கக் கேட்டிருந்தாள். இல்லாத ஒருவனுக்காக, யாரும் கேட்காத தரகுக்காக, இருக்கிறவளின் கையைக் கத்துக்குட்டிக் கை என்று சொல்லியாகிவிட்டது.

"அனூப் சேட்டன் வர முடியாது அங்கிள்" என்றாள் ஸுப்ரியா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "அடுத்த மாசம் பெங்களூர்ல சொந்தமா பார் திறக்கிறார். அந்த வேலையில இருக்கார்."

"அப்படியா! கத்துக்குட்டின்னானே உங்கப்பன்?"

"அப்பாவுக்கு அவரை அவ்வளவாத் தெரியாது."

கல்யாணராமன் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டே அவளைப் பார்த்தார். "திறப்புக்கு யார் யாரைக் கூப்பிட்டிருக்கான்?"

"உங்களைக் கூப்பிடச் சொன்னார். அப்பாவையும் கூப்பிட்டிருந்தார். அப்பா பார்க்கலாம்னுட்டார்."

அவள் உள்ளே போனாள். பாண்டியராஜன் ஜாதிக்காய்த் தோட்டில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றுகொண்டே இருந்தார்.

கல்யாணராமன் அன்று இரண்டாவது ரவுண்டு கேட்கவில்லை. சாம்பிளைப் பேருக்கு முகர்ந்துவிட்டு எழுந்தார். வாட்டர் மெட்ரோ படகு ஜெட்டி வரைக்கும் கூடப் போவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கிடங்குகள் பூட்டிக் கிடந்தன. பூட்டின கதவுக்குப் பின்னாலிருந்து சுக்கு வாடை மட்டும் வெளியே வந்துகொண்டிருந்தது. பாதி தூரம் போவதற்குள் பாண்டியராஜனால் தாங்க முடியவில்லை.

"சாமி, அனூப்னு ஒருத்தன் கிடையாது."

"தெரியும்."

"ஸுப்ரியாதான்..."

"அதுவும் தெரியும்." கல்யாணராமன் நடையை நிறுத்தவில்லை. "கூட்டத்துல சரக்குக்காரன் யாருன்னு கண்டுபிடிக்கறது எப்படின்னு உனக்கு நான் சொல்லணுமா? குறை சொல்லணும். எவன் மூஞ்சி சுருங்கறதோ அவனோட சரக்கு. இனிப்பு தூக்கல்னு சொன்னேனே, அப்போ உன்னைப் பார்க்கலை. சுவத்துல சாஞ்சுண்டு இருந்தாளே, அவளைப் பார்த்தேன்."

"அப்புறம் ஏன் சாமி..."

"நீயாச் சொல்லுவேன்னு பார்த்தேன். ஒவ்வொரு குறைக்கும் நடுவுல நிறுத்தி நிறுத்தி இடம் விட்டேன். நீ விலையைக் குறைச்சுண்டே போனே. சுக்குக்கு நீ இவ்வளவு இறங்கி நான் பார்த்ததில்லைடா. புழு விழுந்த ஜாதிக்காய்க்குக்கூட மல்லுக்கு நிப்பே."

பாண்டியராஜன் தெருவில் நின்றுவிட்டார். "ஒரு நிமிஷம் வீட்டுக்குத் திரும்பி வாங்க சாமி. அவ எதிர்ல உங்ககிட்டச் சொல்லிடறேன்."

"எனக்குத் தெரிஞ்சு போச்சே. தெரிஞ்சவன்கிட்டச் சொல்றதுக்கு என்ன மதிப்பு இருக்கு? அவ கேட்டது என் காதை இல்லை போலிருக்கு, உன் வாயை." கை நீட்டி ஏலக்காய் வாங்குகிற இடம் அது. அவர் கை நீட்டவில்லை. "எங்காத்துல நான் பொய் சொல்லிட்டுத்தான் வரேன். அதனால உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாயில்லை. படகு வந்துடுத்து. போ."

படகு கரையை விட்டுப் போகிற வரை பாண்டியராஜன் ஜெட்டியில் நின்றார். திரும்பி வருகிற வழியில் தெரிந்தவர் ஒருவர் "என்ன சேட்டா, சுகம்தானே?" என்றதற்கு, கையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தார்.

வீட்டில் எல்லாம் கழுவி ஆகிவிட்டது. ஊறுகாய் ஜாடி கவிழ்ந்திருந்தது. ஷபானா வீட்டிலிருந்து மீன் பொட்டலங்கள் திரும்பி வந்து மேடையில் அடுக்கியிருந்தன. ஸுப்ரியா நீளக் கரண்டியைத் துடைத்து அதன் உறையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சாமிகிட்டச் சொல்லிட்டேன்" என்றார் பாண்டியராஜன்.

"எங்க வச்சு?"

"ஜெட்டிகிட்ட."

"ஆளில்லாத இடமாப் பார்த்து" என்றாள் கற்பகம்.

"அவர் என்ன சொன்னாரு?" என்று ஸுப்ரியா கேட்டாள்.

"முன்னாலயே தெரியும்னார்."

ஸுப்ரியா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் திட்டியிருக்கலாம். "அவருக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அப்போ நீங்க யாருக்காகப்பா அந்தப் பொய்யைச் சொன்னீங்க?"

அவர் வாயில் வந்தது வேறு: "அந்தச் சின்னப் புட்டி... அந்த ஜாதிபத்திரி நம்மளுது. கோதமங்கலம் சரக்கு."

"ஆமா. ஓணத்துக்கு வந்தப்போ உங்க சாம்பிள் தட்டுல இருந்து எடுத்துட்டுப் போனேன். ஏலம், சுக்கு எல்லாம் உங்களுதுதான். சாராயத்துல ஊற வச்சு நானே இறக்கினது." அவள் பையின் ஜிப்பை இழுத்தாள். "குடிக்கிறவங்க எல்லாருமே கேக்கறாங்க, இது எங்கேருந்துன்னு. மட்டாஞ்சேரி பாண்டியராஜன் சரக்குன்னு சொல்றேன். புதுக் கடை மெனுவுலயும் அப்படியே போட்டாச்சு. அச்சுக்குப் போயிடுச்சு."

பேரைச் சொன்னால் நேரே வந்துவிடுவார்களே என்று ஒரு வார்த்தை அவர் தொண்டை வரைக்கும் வந்தது. அந்த நேரத்திலும் வந்தது. அதை விழுங்கியபோது உடம்பு கூசியது.

மேசைமேல் அவருடைய கிண்ணம் மட்டும் கழுவாமல் இருந்தது. அடியில் ஒரு வாய் மிச்சம். எடுத்துக் குடித்தார். குளிர் போய், சூடேறி, இனிப்பும் கசப்பும் தனித்தனியாக நின்றன. அப்படியும் நன்றாகத்தான் இருந்தது.

"நல்லாயிருக்கும்மா" என்றார். "இனிப்பு தூக்கல் இல்லை."

"எனக்குத் தெரியும்ப்பா."

அவர் கிண்ணத்தைக் கழுவி ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் கவிழ்த்தார். "திறப்புக்கு நான் வரலாமா?" என்று கேட்டார் பாண்டியராஜன்.

ஸுப்ரியா அவரைப் பார்த்தாள். "வாங்க. வர்றவங்களை யாரும் தடுக்கப் போறதில்லை. முதல் மேசையில அம்மா உட்காருவா. நீங்க கவுண்டர்கிட்ட ஸ்டூல்ல உட்காருங்க. யாராவது இவர் யாருன்னு கேட்டா, சுள்ளிக்கல்லேருந்து ஒருத்தர், அனூப்னு பேருன்னு சொல்லிடறேன்."

அவள் சிரிப்பாள் என்று அவர் காத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை. கற்பகமும் சிரிக்கவில்லை. அப்போதுதான் அது கிண்டல் இல்லை, விலை என்று அவருக்குப் புரிந்தது. பழக்க தோஷம், எங்கே கொஞ்சம் குறைக்கலாம் என்று மனம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஓர் இடமும் அகப்படவில்லை.

"சரி" என்றார்.

கற்பகம் ஃப்ரீசரிலிருந்து மிச்ச ஐஸோடு டிபன் டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இதைக் கொண்டுபோய்க் கொட்டுங்க. மீனை உள்ள வைக்கணும்."

அவர் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஐஸ் வழியாக டப்பாவின் அடி தெரிந்தது; அடியில் பொறித்திருந்த அவர் பேரின் முதலெழுத்தும் தெரிந்தது. விரல்கள் மரத்துப்போய் வலிக்க ஆரம்பித்தன. மகள் உறைய வைத்ததைக் கொட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.